கோயிலுக்குப் போன காலைகள்

மே 13, திங்கள்

கடையில் இரண்டு நோட்டைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஒன்று ஜெனிஃபருக்கு. இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க புதன்கிழமைதோறும் வரும் பெண் அவள். தினம் எத்தனை வேளை பயிற்சி செய்தோம், என்ன சத்தம் வந்தது என்றெல்லாம் அதில் எழுதி வைக்க வேண்டும். மிஞ்சிய இந்த நோட்டு எனக்கு.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் நஞ்சப்பன். பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவர், நூறு ஆட்களை அதட்டிய குரல். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு நின்று இன்றோடு எழுபத்தோரு நாள். நாம் சொல்வது அத்தனையும் புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் "தத்தா, தத்தா" என்று மட்டும் வருகிறது. வலது கையில் பலமில்லை. பிடித்துக்கொண்டால் நடப்பார்.

இவருடைய அக்கா வசந்தாமணி அண்ணி நேற்று பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தார். "தேவகி, உங்க வீட்டுப் பக்கத்து மாரியம்மனுக்கு ஒரு மண்டலம் வேண்டிக்க. நாப்பத்தெட்டு நாள் விடாம போய்க் கும்புடு. அவ பேச வெச்சுருவா, பாரு" என்றார். மருந்தோடு மருந்தாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

ஏழு மணிக்கு இவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, கேட்டைச் சாத்திவிட்டுப் போனேன். நன்றாகக் கும்பிட்டேன். திரும்பும் வழியில்தான் பனித்துளி டிபன் கடை. வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறது, உள்ளே கால் வைத்ததில்லை. "வீட்டுல இல்லாத ருசியா கடையில இருக்குது?" என்பார் இவர். அது என் சமையலுக்கு அவர் தரும் பாராட்டு. அதை வாங்கிக்கொண்டே முப்பத்துநான்கு வருஷம் அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

ஒரு கல்தோசை சாப்பிட்டேன். பத்து நிமிஷம்தான்.

மே 14, செவ்வாய்

இன்று நேரமாகிவிட்டதால் கடைக்கு மட்டும் போனேன். கோயிலுக்கு நாளை போகலாம்.

மே 17, வெள்ளி

பனித்துளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாசலில் சிலேட்டு தொங்கும். வருகிறவர்கள் பேரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிட்டு, வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் காத்திருக்க வேண்டும். எம்.எல்.ஏ. வந்தாலும் எழுதத்தான் வேண்டுமாம். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், நடைப்பயிற்சி முடித்த பெரியவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் அம்மாக்கள், எல்லாரும் தங்கள் பேர் எப்போது வருமென்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "தேவகி, ஒருத்தர்!" என்று துரைராஜ் கூப்பிடும்போது கல்யாண மேடைக்கு அழைப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும். துரைராஜ் அங்கே பரிமாறுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

இன்று சந்தகை சாப்பிட்டேன். இடியாப்பம் மாதிரி ஆவி பறக்கப் பிழிந்து, தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் சந்தகை பிழிந்தால் எனக்குக் கடைசி ஈடு வரும், அதுவும் ஆறி அவலாய்ப் போயிருக்கும். துரைராஜ் வந்து, "அக்கா, இன்னொண்ணு சூடா கொண்டாரட்டுங்களா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சந்தகைக்கு அழுகிற பொம்பளை நானாகத்தான் இருப்பேன். மிளகாய்ப் பொடி கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். சந்தகையில் ஏது மிளகாய்ப் பொடி?

கோயிலுக்குப் போகவில்லை.

மே 22, புதன்

ஜெனிஃபர் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருக்கிறாள். இட்லி, மரம், பசு, கோயில், பஸ் என்று இருபது அட்டை. ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொன்றாகக் காட்டி, நான் முதலில் சொல்லி, இவரைச் சொல்ல வைக்க வேண்டும். முகத்துக்கு நேரே கண்ணாடி வைத்து வாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். செய்கிறோம். நாலு வேளையும் செய்கிறோம். இதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை.

மே 29, புதன்

பொய் சொல்வதும் சைக்கிள் ஓட்டுவதும் ஒன்றுதான், பழகிவிட்டால் கையை விட்டும் ஓட்டலாம். பூஜை அலமாரியில் பழைய குங்குமப் பொட்டலம் நிறைய இருக்கிறது. கடையை விட்டு வந்ததும் கொல்லைப்புறத்தில் வாய் கொப்பளித்து, நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறேன். இவருக்கும் வைத்துவிடுகிறேன். அண்ணி தினம் எட்டரைக்குப் போன் செய்து, "இன்னைக்கு அம்மன் எப்படி இருந்தா?" என்று கேட்பார். "மஞ்சள் பட்டு உடுத்தி ஜம்முனு இருந்தாங்க அண்ணி. போன வெள்ளிக்கிழமை சந்தனக் காப்புங்க, கண்ணுல ஒத்திக்கலாம்" என்பேன். அண்ணி அந்தப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொள்வது கேட்கும்.

அப்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறுநாள் ஏழு மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

ஜூன் 5, புதன்

இன்று ஒரு நல்ல சேதி. ஜெனிஃபர் இட்லி அட்டையைக் காட்டியதும் இவர் "இ... இ..." என்றார். தத்தா இல்லை, தெளிவான இ. ஜெனிஃபர் கை தட்டினாள். "விடாம பண்ணுங்க ஆன்ட்டி. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல முழு வார்த்தையே வந்துடும்" என்றாள். இவர் சிரித்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறும் சிரிப்பு. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று கடையில் கூட்டம். எனக்கு முன்னால் சிலேட்டில் பதினோரு பேர். திரும்பிப் போயிருக்கலாம். "இந்தா, உங்க பேரு வந்துருமுங்க்கா" என்று துரைராஜ் சொன்னதால் உட்கார்ந்தேன். பொங்கல் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு கல்தோசையும் சொன்னேன். காபியை மெல்லக் குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு இருபது.

இவர் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் தரையில் கிடந்தார். புருவத்துக்கு மேல் கிழிந்து, ரத்தம் காதுவரை வந்து உறைந்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் "தத்தா... தத்தா" என்றார். எவ்வளவு நேரம் அப்படிக் கூப்பிட்டாரோ தெரியவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கு அது என்னவென்று புரிந்திருக்கும்?

பக்கத்து வீட்டு லலிதாவும் அவள் வீட்டுக்காரரும் வந்து தூக்கினார்கள். ஆறு தையல். டாக்டர், "எப்ப விழுந்தார்? கூட யாரும் இல்லியா?" என்று கேட்டார். "கோயிலுக்குப் போயிருந்தேனுங்க. இன்னைக்கு விசேஷ பூஜை, நேரமாயிருச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை. தண்ணி குடிக்கிற மாதிரி வந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

அண்ணி போனில் அழுதார். "நீ அவனுக்காகத்தான சாமிகிட்ட போனே கண்ணு? மனசை விட்டுறாத. தலையில விழவேண்டியது புருவத்தோட போச்சுன்னு நெனச்சுக்க. உன்ற பக்திதான் காப்பாத்துச்சு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று அவரை மடியில் சாய்த்து ரத்தத்தைத் துடைத்தபோது, அவர் என் முந்தானையையே பார்த்தார். அதில் தேங்காய்ச் சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது. நெற்றியைப் பார்த்தார். அவசரத்தில் குங்குமம் வைக்க மறந்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இட்லி ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூட நிம்மதியாக இருக்கும். ஒன்றும் தெரியவில்லை.

பேச்சு வந்துவிட்டால் முதலில் என்ன சொல்வார்?

ஜூன் 12, புதன்

புருவத்தில் தையல் இருப்பதால் ஜெனிஃபரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கும் புருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. பாவம், நல்ல பெண்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் அவர் தூங்கிவிட்டார். மதியம் காஸ் சிலிண்டர்காரர் வந்தார். மாலையில் எனக்குத் தலைவலி. பயிற்சி நடக்கவில்லை. ஜெனிஃபர் நோட்டில் நாலு வேளை என்று எழுதினேன். ஒரு நாள்தானே.

ஜூன் 16, ஞாயிறு

லலிதாவை இவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். "மண்டலத்தைப் பாதியில விடக் கூடாதுங்க்கா, நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவளே சொன்னாள்.

பனித்துளிக்குத்தான் போனேன். ஒரு காபி மட்டும் குடிக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் சந்தகை சொன்னேன். தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன், இறங்கியது. நன்றாகவும் இருந்தது. நன்றாக இருந்ததை இல்லை என்று இந்த நோட்டிலுமா பொய் எழுதுவது? என்னைப்போல ஒரு ஜென்மம் உண்டா?

ஜூன் 18, செவ்வாய்

நாலு வேளை என்று எழுதினேன். ஒரு வேளையும் செய்யவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அவரே இடது கையால் அட்டைகளை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இருங்க, அடுப்புல பால் இருக்குது" என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை. சமையலறையில் பத்து நிமிஷம் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது அட்டைகளை மடியில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வேளை என்று எழுதினேன்.

ஜூன் 26, புதன்

ஜெனிஃபர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இவ்ளோ பண்ணியும் அந்த 'இ'ல இருந்து ஒரு அடி நகரலையே ஆன்ட்டி. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. எனக்கே புரியல. ஒருவேளை இவருக்கு இவ்ளோதானோ என்னமோ. டாக்டர்கிட்ட பேசிப் பாக்கறேன், பயிற்சிய நிறுத்திடலாமான்னு" என்றாள்.

இதை அவர் எதிரிலேயே சொன்னாள். அவருக்கு எல்லாம் புரியும் என்பதை ஒரு நொடி அவளும் மறந்துவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்திருக்கிறார். நூறு ஆட்களை அதட்டியவர்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "காபி குடிச்சுட்டுப் போ ஜெனிஃபர்" என்றேன்.

ஜூன் 27, வியாழன்

வசந்தாமணி அண்ணி வந்துவிட்டார். சனிக்கிழமையோடு மண்டலம் முடிகிறதாம், அன்று அம்மனுக்குச் சாத்தப் பட்டுச்சேலை வாங்கி வந்திருக்கிறார். எழுபது வயதில் இரண்டு பஸ் மாறி, மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் நான் இவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, நாளைய பூஜைக்குச் சொல்லிவிட்டு வருவதாக அண்ணி கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவர் நாற்காலியில் இருந்தார். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"தேவகி, கோயில்ல பாலாலயம் பண்ணியிருக்காங்க" என்றார் அண்ணி.

எனக்குப் புரிந்துவிட்டது. கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி தொடங்கினால் மூலஸ்தானத்தை மூடிவிடுவார்கள். அம்மனை ஒரு பலகையில் எழுதி, முன் மண்டபத்தில் வைத்துப் பூஜை நடக்கும். வேலை முடிகிறவரை உள்ளே யாருக்கும் தரிசனம் கிடையாது. தினம் போகிறவளுக்கு மூடிய அன்றே தெரிந்திருக்கும். நான் போனது ஒரே ஒரு நாள்.

"மே மாசம் இருபதாந்தேதி சாத்துன கதவாமா. உள்ள சாரம் கட்டி, செமெண்ட் மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்க. நீ சந்தனக் காப்புன்னு சொன்னியே? மஞ்சள் பட்டுன்னு சொன்னியே? அதை எங்க பாத்தே?"

துண்டு என் கையிலேயே இருந்தது. தண்ணி குடிக்கிற மாதிரி வந்த பொய்யெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இத்தனை நாளா காலையில எங்க போனே நீ? அவன் விழுந்து கெடந்த அன்னைக்கு எங்க போயிருந்தே?" என்று கேட்டார்.

அப்போது இவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "கோ..." என்றார். நாங்கள் இருவரும் திரும்பினோம். "கோ... யில்" என்றார். மூச்சு வாங்கி, அக்காவை நேராகப் பார்த்து, இன்னொரு முறை, "கோயில்."

அண்ணி பையைப் போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து, "பேசிட்டான்! ஐயோ தாயே, பேசிட்டான்!" என்று கத்தினார். லலிதா ஓடி வந்தாள். ஹைதராபாத்திலிருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டார்கள். சாரம் கட்டியது, கதவு சாத்தியது எல்லாம் பறந்துபோயிற்று. "பலகையில இருந்தாலும் அம்மன் அம்மன்தான். நாந்தான் புத்தி கெட்டுக் கேட்டுட்டேன்" என்று அண்ணி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நூற்றுப் பதினேழு நாள் கழித்து என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த ஒரே வார்த்தை. அதை எனக்காகப் பொய் சொல்லச் செலவழித்துவிட்டார். அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜூன் 29, சனி

பட்டுச்சேலை, தேங்காய், அர்ச்சனை எல்லாம் நடந்தது. நானும் போனேன். பலகையிலிருந்த அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணி மதியம் ஊருக்குக் கிளம்பினார்.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் காபி கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். பனித்துளியைப் பற்றிச் சொன்னேன். அவர் லேசாகக் கையை ஆட்டினார், அது தெரிந்ததுதானே என்பதைப்போல. உதட்டின் ஓரம் ஏறக்கூட ஏறியது. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அதை மட்டும் அவர் மன்னித்துவிட்டார்.

நிறுத்தவில்லை. ஜெனிஃபர் நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்தேன். "இதுல பதினாலாந்தேதியில இருந்து எழுதுனது அத்தனையும் பொய்யிங்க. பயிற்சியே பண்ணலீன்னு உங்களுக்கே தெரியும். மறந்துட்டேன், வேலையா இருந்தேன்னு நெனச்சிருப்பீங்க. வேணும்னே பண்ணலீங்க. உங்களுக்குப் பேச்சு வந்துறக் கூடாதுன்னுதான் பண்ணலீங்க. உங்களால முடியாம இல்ல. ஜெனிஃபர் சொன்னது தப்பு. நாந்தான் காரணம்."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இன்று முழுக்க என் கையால் சாப்பிடவில்லை. இடது கையாலேயே எடுத்து, பாதி சட்டையில் சிந்திச் சாப்பிட்டார். நான் துடைக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டார்.

ஜெனிஃபருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். "புதன்கிழமை வர்றேன் ஆன்ட்டி. பயிற்சிய நிறுத்தல" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

வெயில் கூடத்துக்குள் வந்த நேரம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாயைக் கோணிக் கோணிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஏன்?" என்றார்.

அட்டையில் இல்லாத வார்த்தை. யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. சந்தோஷப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"பயந்துட்டேங்க. பேச்சு வந்தா அண்ணிகிட்ட சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. "ஏன்?" என்றார் மறுபடியும்.

"அங்க ஒருத்தர் எனக்குச் சூடா கொண்டு வந்து வெப்பாருங்க. இன்னொண்ணு வேணுமான்னு கேப்பாரு. அதை விட முடியலீங்க."

அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருஷமும் நான் சமாளித்து நழுவும்போதெல்லாம் அதட்டி நிறுத்திய அதே பார்வை. ஆனால் குரல் அதட்டலாக இல்லை. "ஏன்?"

கீரையைக் கீழே வைத்தேன். இந்த நோட்டிலும் நான் எழுதாத ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"நீங்க பேசாம இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சுங்க. உப்பு கம்மி, எங்க போனே, யாருகிட்ட பேசுனேன்னு வீட்டுல ஒரு குரல் கேக்காம இருந்தது நல்லா இருந்துச்சு. நீங்க நல்லாகணும்னு நான் நெசமா வேண்டுனது முத நாள் மட்டுந்தான்."

சொல்லிவிட்டு அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், பலமில்லாத வலது பக்கத்துக் கண்ணில் எப்போதும் நீர் வடிவதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து மூடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அட்டைகள் இருக்கும் அலமாரியைக் கை காட்டினார். எடுத்து வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார்.

இட்லி சொன்னோம். மரம் சொன்னோம். பசு வரவில்லை, திரும்பச் சொன்னோம்.

நாலு வேளை செய்தோம். ஜெனிஃபர் நோட்டில் நான் எழுதியதை அவர் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் மூடினேன்.